மண்ணும் மக்களும் மறையும்: தைவான் திருச்சபையின் மூன்று அறிக்கைகள் பற்றிய ஒரு திறனாய்வு

'சூழமைவு இறையியல்' என்னும் சொற்றொடர் இன்று நமது இறையியற் கல்லூரிகளில் அன்றாட வழக்காகிவிட்டது. தேர்வுத் தாள்களிலும் ஆய்வேடுகளிலும் போதகர் கூட்டங்களின் உரைகளிலும் அது தாராளமாகப் புழங்குகிறது. ஆயினும் அச்சொல்லை உலகத் திருச்சபைக்கு வழங்கியவர் யார், எத்தகைய நிலையில் நின்று அவர் அதனை வழங்கினார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. 1972ஆம் ஆண்டில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தைச் சார்ந்த இறையியற் கல்வி நிதியம் வெளியிட்ட அறிக்கையின் வாயிலாகவே இச்சொல் பரவலாயிற்று. அந்நிதியத்தின் இயக்குநராக இலண்டனிலிருந்து பணியாற்றியவர் சோகி கோ. தைவானின் தாய்னான் இறையியற் கல்லூரியில் 1949 முதல் 1965 வரை முதல்வராக இருந்த அவர், பின்னர் நெடுங்காலம் தம் தாய்நாட்டிற்குத் திரும்ப இயலாதவராய் அயல் மண்ணில் வாழ்ந்தவர்.

அவருடைய பெயரே அத்தீவின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லும். தாய்மொழியில் அவர் ஙு சியோங்-ஹுய். சீன அரசு மொழியான மாண்டரினில் ஹுவாங் சாங்-ஹுய். 1914இல் ஜப்பானிய ஆட்சியில் பிறந்தமையால் அப்பெயரை ஜப்பானிய முறையில் ஒலித்தபோது கோ ஷோகி. மேலைநாட்டில் அவர் அறியப்பட்ட 'சோகி கோ' என்னும் பெயர் இவற்றுள் இறுதியானதிலிருந்து பிறந்தது. நான் யார் என்னும் வினாவை ஒருவர் தம் பெயரைச் சொல்லும்போதே எதிர்கொள்ள வேண்டிய நாட்டில்தான் 'சூழமைவு' என்னும் கருத்து உருவாயிற்று என்பது மறக்கத்தக்கதன்று.

தைவான் பிரெஸ்பிற்றேரியன் திருச்சபை 1971, 1975, 1977 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று அறிக்கைகளையும், அவற்றின் நிழலில் வளர்ந்த 'தாயக இறையியலையும்' ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வறிக்கைகள் அரசியல் துணிவின் சான்றுகளாகப் பெரிதும் போற்றப்பட்டுள்ளன. அப்போற்றுதல் தகுதியானதே. எனினும் துணிவைப் போற்றுவது வேறு. இறையியலைச் சீர்தூக்குவது வேறு. ஒரு திருச்சபை ஒரு மக்களினத்தின் அடையாளத்தையும் விடுதலையையும் தன் விசுவாச அறிக்கையின் பொருளாக ஆக்கும்போது, அது எலியாவின் குரலில் பேசுகிறதா, அல்லது தேசியத்திற்குத் திருமுழுக்கு அளிக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

1. பின்னணி

தைவான் தீவின் முதல் மக்கள் ஆஸ்திரோனேசிய மொழிகளைப் பேசும் தொல்குடியினர். அவர்கள் அங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். 1624 முதல் 1662 வரை டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் சீர்திருத்த சபைப் போதகர்கள் அவர்களிடையே பணியாற்றினர். அதன்பின் சீனப் பெருநிலத்தின் பூக்கியன், குவாங்துங் மாநிலங்களினின்று குடியேறியோர் பெருகினர். 1865இல் ஆங்கிலேய பிரெஸ்பிற்றேரியன் சபையின் மருத்துவர் மாக்ஸ்வெல் தெற்கிலும், 1872இல் கனடாவைச் சேர்ந்த மக்காய் வடக்கிலும் தற்காலச் சபைகளுக்கு அடித்தளமிட்டனர். 1885இல் தாமஸ் பார்க்ளே தொடங்கிய திருச்சபைச் செய்தித்தாள், தைவானிய மக்களின் பேச்சுமொழியை ரோமன் எழுத்தில் அச்சிட்டது. சீன எழுத்துகளைக் கற்க வாய்ப்பற்ற எளிய மக்களும் பெண்களும் அதனால் வாசிக்கலாயினர். தாய்மொழியும் திருமறையும் இவ்வாறு தொடக்கத்திலேயே பிணைந்துவிட்டன.

1895இல் சிமோனோசெக்கி உடன்படிக்கையின்படி சீனப் பேரரசு தீவை ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டது. தீவு மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. 1945இல் ஜப்பான் தோற்றபோது சீனத் தேசியவாத அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அப்போதும் மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. 1947 பிப்ரவரி 27ஆம் நாள் மாலை, வரி செலுத்தாத சிகரெட் விற்ற ஒரு விதவைப் பெண்ணை ஏகபோக வாணிபத் துறை அலுவலர் தாக்கினர். மறுநாள் மக்கள் கொதித்தெழுந்தனர். மார்ச்சு மாதத்தில் பெருநிலத்தினின்று வந்திறங்கிய படை அவ்வெழுச்சியை இரத்தத்தில் அடக்கிற்று. மாண்டோர் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என்று 1992இல் அரசின் ஆய்வறிக்கையே மதிப்பிட்டது.

1949 மே 20 முதல் 1987 ஜூலை 15 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், தீவில் இராணுவச் சட்டம் நிலவிற்று. உள்நாட்டுப் போரில் தோற்றுத் தைவானுக்கு வந்த அரசு, தானே முழுச் சீனத்தின் அரசு என்று உரிமை கொண்டாடிற்று. ஆதலின் பெருநிலத்தில் 1947, 1948 ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே தேர்தலின்றித் தொடர்ந்து நாடாளுமன்றங்களில் அமர்ந்திருந்தனர். பள்ளிகளில் தாய்மொழி பேசிய சிறார் தண்டிக்கப்பட்டனர். இவ்வரசின் தலைவர் சியாங் கை-ஷேக் ஒரு கிறிஸ்தவர். மெத்தடிஸ்து சபையில் திருமுழுக்குப் பெற்றவர். கிறிஸ்தவ ஆட்சியாளரின் கீழ் ஒடுக்கப்படும் கிறிஸ்தவர் எவ்வாறு பேசுவது என்னும் இடர்ப்பாட்டை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ரோமர் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டித் திருச்சபையை வாயடைக்க முயன்றோர் வெளியிலன்றிச் சபைகளுக்குள்ளேயே மிகுதியாக இருந்தனர்.

2. மூன்று அறிக்கைகள்

1971 அக்டோபர் 25ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை, சீனத்தின் இடத்தைப் பெய்ஜிங் அரசுக்கு வழங்கிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் பெய்ஜிங் செல்லவிருந்தார். இந்நிலையில் அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் பிரெஸ்பிற்றேரியன் திருச்சபை தேசத்தின் எதிர்காலம் குறித்த தன் அறிக்கையை வெளியிட்டது. இயேசு கிறிஸ்து மனுக்குலம் அனைத்திற்கும் ஆண்டவர் என்னும் அறிக்கையினின்று அது தொடங்குகிறது. தீவில் வாழும் மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவுசெய்யும் உரிமை உடையவர்கள் என்றும், வல்லரசுகள் அவர்களுக்குத் தெரியாமல் அதனைப் பேரம் பேசலாகாது என்றும் அது கூறுகிறது. அம்மட்டோடு நில்லாமல், தீவின் மக்களே தங்கள் உயர் மன்றங்களின் உறுப்பினர் அனைவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறது. அக்காலத்தில் இரண்டாய்ப் பிரிந்திருந்த ஜெர்மனியில், மேற்கு ஜெர்மனி இணைப்பிற்குக் காத்திராமல் மக்களாட்சியை நடத்தியதை முன்மாதிரியாகக் காட்டுகிறது.

இவ்வறிக்கையின் சிறப்பு அதன் கோரிக்கையின் தெளிவில் உள்ளது. நீதி, சமாதானம், மனித மாண்பு ஆகிய பொதுச் சொற்களின் பின்னே மறைந்துகொள்ளும் திருச்சபை அறிக்கைகளை நாம் மிகுதியாக வாசித்துள்ளோம். எவரையும் புண்படுத்தாத அறிக்கையை எவரும் பறிமுதல் செய்வதில்லை. 1971ஆம் ஆண்டின் அறிக்கையோ, எந்த மன்றம், எந்தத் தேர்தல், எந்த முன்மாதிரி என்று சொல்லிற்று. அக்கோரிக்கை நிறைவேற இருபது ஆண்டுகள் ஆயின. 1991 டிசம்பரில் தேசிய மன்றமும், 1992 டிசம்பரில் சட்டமியற்றும் மன்றமும் முழுமையாகத் தீவு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1996 மார்ச்சு 23ஆம் நாள் குடியரசுத் தலைவரையே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர்.

இரண்டாவது அறிக்கை 1975 நவம்பர் 18ஆம் நாளைச் சார்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில், ரோமன் எழுத்தில் அச்சான தைவானிய மொழித் திருமறையின் புதிய மொழிபெயர்ப்பை அரசு பறிமுதல் செய்தது. மலைவாழ் தாயல் மக்களின் மொழித் திருமறைகளும் கைப்பற்றப்பட்டன. 'எங்கள் வேண்டுகோள்' என்னும் தலைப்பில் திருச்சபை விடுத்த மடல், தன் மொழியில் கடவுளை வழிபடும் உரிமையைக் கேட்கிறது. உலகத் திருச்சபையோடு உறவுகொள்ளும் உரிமையைக் கேட்கிறது. தீவில் வாழும் பல்வேறு மக்களிடையே ஒப்புரவையும் மனித உரிமைப் பாதுகாப்பையும் வேண்டுகிறது. அரசின் நெருக்குதலால் 1970இல் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தைவிட்டு விலக நேர்ந்த ஒரு சபையின் குரல் இதுவென்பதை நினைவுகூர வேண்டும். 1980இல் அது மீண்டும் மாமன்றத்தில் இணைந்தது.

மூன்று அறிக்கைகளுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது இந்த இரண்டாவதே. ஆனால் இறையியல் நோக்கில் இதுவே ஆழமானது என்று கருத இடமுண்டு. ஏனெனில், இது அரசை நோக்கி மட்டும் பேசவில்லை. திருச்சபையை நோக்கியும் பேசுகிறது. நேர்மை, ஒருமைப்பாடு, சமுதாயத்தில் ஒடுக்கப்பட்டோர்பால் அக்கறை ஆகியவை சபைக்குள்ளும் வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது. மேலும், இது கொள்கையினின்று தொடங்காமல் ஒரு காயத்தினின்று தொடங்குகிறது. திருமறை பறிக்கப்பட்ட கைகளினின்று எழுந்த விண்ணப்பம் இது. அக்கைகளுள் மலைமக்களின் கைகளும் இருந்தன.

மூன்றாவது, 1977 ஆகஸ்டு 16ஆம் நாளின் மனித உரிமைப் பிரகடனம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வான்ஸ் பெய்ஜிங் செல்லும் தறுவாயில் அது வெளியாயிற்று. மனித உரிமைகளும், மக்கள் ஒவ்வொருவருக்கும் பங்குள்ள நிலமும் கடவுளின் கொடைகள் என்று அது அறிக்கையிடுகிறது. தைவான் ஒரு புதிய, சுதந்தர நாடாக ஆகும்படி அரசு மெய்ந்நிலையை ஏற்றுச் செயற்பட வேண்டும் என்று கேட்கிறது. இராணுவச் சட்டத்தின் கீழ் இச்சொற்கள் தேசத் துரோகமாகக் கொள்ளப்படத்தக்கவை. ஆயினும் 1978இல் கூடிய பொதுப்பேரவை பெரும்பான்மை வாக்கினால் இப்பிரகடனத்தைத் தனதாக ஏற்றது. பொதுச் செயலர் காவோ சுன்-மிங் மீண்டும் அப்பொறுப்பிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதன் விலை விரைவில் கேட்கப்பட்டது. 1979 டிசம்பர் 10ஆம் நாள், மனித உரிமை நாளன்று, கவோசியுங் நகரில் நடந்த பேரணியைத் தொடர்ந்து எதிர்க்கட்சியினர் பெருந்தொகையாகக் கைது செய்யப்பட்டனர். தேடப்பட்ட ஷிஹ் மிங்-தேக்குப் புகலிடம் கிடைக்க உதவியமைக்காகக் காவோ சுன்-மிங் 1980 ஏப்ரலில் சிறைப்பட்டார். இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டுத் தண்டனை விதித்தது. 1984 ஆகஸ்டில் விடுதலையானார். சிறையிருந்த காலத்திலும் திருச்சபை அவரைப் பொதுச் செயலராகவே வைத்திருந்தது. அதே வழக்கில் சிறைப்பட்டிருந்த வழக்கறிஞர் லின் யி-சியுங்கின் தாயும் இரட்டைப் பெண்மக்களும் 1980 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கள் வீட்டில் கொலையுண்டனர். கொலைஞர் இன்றுவரை கண்டறியப்படவில்லை. அவ்வீடு பின்னர் ஒரு பிரெஸ்பிற்றேரியன் ஆலயமாயிற்று. இறையியல் அறிக்கைகளை மதிப்பிடும்போது, அவற்றிற்குக் கையொப்பமிட்டோரும் அவர்களைச் சார்ந்தோரும் செலுத்திய இவ்விலையையும் கணக்கிற் கொள்வது நேர்மையாகும்.

எனினும் பிரகடனத்தின் முகவரியைப் பற்றி ஒரு சொல் சொல்லியே ஆக வேண்டும். அது முதலாவதாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டரை விளித்தது. மனித உரிமையைப் பேசிய கிறிஸ்தவத் தலைவர் ஒருவரிடம் முறையிடுவது இயல்பே. உள்நாட்டில் காது கேளாத அரசுக்கு வெளிநாட்டின் வழியாகவே பேச முடிந்தது என்பதும் உண்மை. ஆயினும் 1978 டிசம்பரில் அதே தலைவர்தாம் பெய்ஜிங் அரசை ஏற்பதாக அறிவித்துத் தைவானோடு அரசுமுறை உறவை முறித்தார். எகிப்து என்னும் நெரிந்த நாணற்கோலில் சாய்வோன் உள்ளங்கையில் அது உருவிப்போகும் என்று ஏசாயாவின் ஆகமத்தில் வரும் எச்சரிக்கை நினைவிற்கு வருகிறது. பெரும் பேரரசுகளிடையே சிக்கிய சிறு நாட்டின் தீர்க்கர்கள் இச்சோதனையை நன்கறிந்திருந்தனர். தன் மக்களை நோக்கிப் பேசிய 1971, 1975 அறிக்கைகளின் உறுதி, 1977இல் ஓரளவு தளர்ந்துள்ளது எனலாம்.

3. தாயக இறையியல்

இவ்வறிக்கைகளுக்கு இறையியல் விளக்கம் தரும் முயற்சியே தாயக இறையியல். 1970களின் இறுதியினின்று தாய்னானில் கற்பித்த வாங் சியென்-சி இதன் முதன்மைச் சிற்பி. மக்கள், நிலம், அதிகாரம், கடவுள் என்னும் நான்கு பொருள்களைச் சுற்றி அவர் தம் சிந்தனையை அமைத்தார். நாடோடியாய், அடிமையாய் இருந்த மக்களைக் கடவுள் விடுவித்து நிலம் தருகிறார் என்னும் யாத்திராகம வரலாறு அதற்கு அடிப்படையாயிற்று. நான்கு நூற்றாண்டுகளாக டச்சுக்காரர், மஞ்சு பேரரசர், ஜப்பானியர், தேசியவாதச் சீனர் என அடுத்தடுத்து அன்னியரால் ஆளப்பட்ட மக்களுக்கு அவ்வரலாறு தங்கள் கதையாகவே ஒலித்ததில் வியப்பில்லை.

சோகி கோவும் தம் இறையியலின் ஊற்றை ஒரு மக்கள் வழக்கிலேயே கண்டார். 'மனம் ஒப்பவில்லை' என்று பொருள்படும் தைவானியச் சொல்லொன்றை அவர் எடுத்துக்கொண்டார். அநீதிக்கு உடன்பட மறுக்கும் நெஞ்சின் குரல் அது. அதனோடு, தலை நிமிர்ந்து வானத்தைக் காணுதல் என்று பொருள்படும் மற்றொரு வழக்கையும் இணைத்தார். ஒடுக்கப்பட்டவன் ஒரு நாள் தலை தூக்குவான் என்னும் நம்பிக்கை அது. மறுப்பும் நம்பிக்கையும் சேர்ந்ததே விசுவாசம் என்பது அவர்தம் கருத்தின் சாரம். ஏட்டுக் கல்வியால் அன்றித் தெருவிலும் வயலிலும் வழங்கும் சொற்களால் இறையியலைக் கட்டுவது எப்படி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

ஆனால் இஸ்ரவேலின் வரலாற்றை அப்படியே ஆசியாவின்மேல் பொருத்தலாமோ என்று அதே திருச்சபையினின்று ஒரு மறுப்புக் குரலும் எழுந்தது. தாய்னான் கல்லூரியின் முதல்வராக இருந்த சுவான்-செங் சோங், 1979இல் வெளியான தம் 'மூன்றாங்கண் இறையியல்' என்னும் நூலிலும் பின்வந்த நூல்களிலும், ஆசிய மக்களின் வரலாற்றில் கடவுள் நேரடியாகச் செயற்படுகிறார்; அவர்கள் இஸ்ரவேலின் வழியாகச் சுற்றி வர வேண்டியதில்லை என்று வாதிட்டார். 1981இல் அவர் எழுதிய 'மெங் அம்மையாரின் கண்ணீர்' என்னும் சிறு நூல், சீனப் பெருஞ்சுவரைக் கட்டுவதற்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த கணவனுக்காக ஒரு பெண் விட்ட கண்ணீரால் சுவர் இடிந்து விழுந்த பழங்கதையை மக்களின் அரசியல் இறையியலாக விளக்குகிறது.

இதில் கருதத்தக்க ஒன்றுண்டு. தைவான் மக்களின் தன்னுரிமைக்காகப் பாடுபட்ட அறிஞர், கொடுங்கோன்மையைக் கண்டிக்கத் தேர்ந்தெடுத்தது ஒரு சீனக் கதை. சோகி கோவோடு சேர்ந்து 1973இல் வெளிநாட்டில் தன்னுரிமை இயக்கத்தைத் தொடங்கியவர் இவர். சீனப் பண்பாட்டின் செல்வத்தை அவர் உதறவில்லை. அப்பண்பாட்டைப் பகிர்ந்துகொள்வோர் அனைவரும் ஒரே அரசின் கீழ் இருந்தாக வேண்டும் என்னும் முடிவையே உதறினார். தைவானிய அடையாளம் என்பது இரத்தத்தையோ மொழியையோ மட்டும் பற்றியதன்று. ஒரே நிலத்தில் ஒரே வரலாற்றைச் சுமந்து, எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்க விழையும் மக்களின் உடன்பாட்டைப் பற்றியது என்னும் புரிதல் இதில் உள்ளது. பின்னாளின் வரலாறு இதற்குச் சான்று. 1992இல் தேசிய செங்சி பல்கலைக்கழகம் அளவெடுக்கத் தொடங்கியபோது, தம்மைத் தைவானியர் என்று மட்டும் கூறியோர் ஐவரில் ஒருவருக்கும் குறைவு. அண்மை ஆண்டுகளில் அத்தொகை பாதியைத் தாண்டிவிட்டது. இக்காலத்தில் அவர்களின் குருதி மாறவில்லை. அவர்கள் வாக்களித்து வாழ்ந்த வாழ்வே மாறியது.

4. நாபோத் யார்?

தாயக இறையியலின் வலுவற்ற இடத்திற்கு இப்போது வருவோம். யாத்திராகமம் விடுதலையோடு முடிவதில்லை. அது கானானை நோக்கிச் செல்கிறது. கானானிலோ ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தனர். விடுதலை பெற்ற அடிமைகளின் கதையைக் கானானியரின் கண்கொண்டு வாசித்தால் அஃது எவ்வாறு ஒலிக்கும்? தைவானில் இவ்வினா வெறும் கல்விசார் வினாவன்று. மக்கள்தொகையில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கினரான தொல்குடியினர், அப்பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையின் உறுப்பினரில் கணிசமான பகுதியாக உள்ளனர். பெரும்பான்மையினர் கிறிஸ்துவை அறியாத நாட்டில் மலைச் சிற்றூர்கள் ஆலயங்களால் நிறைந்துள்ளன. சமவெளிகளில் அவர்களின் வேட்டைக் காடுகளும் வயல்களும் குடியேறியவர்களின் கைக்கு மாறின. ஜப்பானியர் காடுகளை அரசுடைமையாக்கினர். பின்வந்த அரசும் அவற்றைத் திருப்பித் தரவில்லை.

1971ஆம் ஆண்டு அறிக்கை தொல்குடியினரை மறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக வாழ்வோர், சில நூற்றாண்டுகளாக வாழ்வோர், போருக்குப்பின் வந்தோர் என மூவகை மக்களையும் அது குறிப்பிடுகிறது. அனைவரும் இத்தீவில் அமைதியோடும் நீதியோடும் வாழவே விரும்புகின்றனர் என்கிறது. ஆனால் வந்த காலத்தை மட்டுமே அது கூறுகிறது. வந்தவர் இருந்தவருக்குச் செய்தது யாது என்று கேட்கவில்லை. நம்பிக்கையில் அனைவரையும் ஒன்றாக நிறுத்திய அறிக்கை, வரலாற்றில் அவர்கள் ஒன்றாக நிற்கவில்லை என்பதைத் தாண்டிச் செல்கிறது. காவோ சுன்-மிங், பொதுச் செயலராவதற்கு முன் தொல்குடி ஊழியர்களை உருவாக்கும் யூசான் இறையியற் கல்லூரியில் பல்லாண்டுகள் முதல்வராக இருந்தவர். ஆதலின் இக்குறை அறியாமையால் வந்ததன்று. பேரரசை எதிர்த்து நிற்கும் நேரத்தில் வீட்டிற்குள் இருக்கும் கணக்கைத் தீர்க்க எவரும் முற்படுவதில்லை என்பதே காரணமாகலாம்.

எனவே யாத்திராகமத்தினும் நாபோத்தின் வரலாறே தைவானுக்குப் பொருத்தமான மறைப்பகுதி என்று கருதுகிறோம். முன்னோரின் உரிமைநிலத்தை அரசனுக்குத் தர மறுத்த எளிய மனிதன், சட்டத்தின் வடிவிலேயே நடந்த கொலை, பொய்ச் சாட்சிகள், வாய்மூடி நின்ற ஊர் மூப்பர்கள். இராணுவ நீதிமன்றங்களின் காலத்தில் தைவானியக் கிறிஸ்தவர் இதனை வாசித்தபோது தங்களை நாபோத்தின் இடத்திலும், அரசை ஆகாபின் இடத்திலும் கண்டிருப்பர். அது சரியே. ஆனால் அதே அதிகாரத்தை ஒரு தாயல் ஊழியரோ ஆமிஸ் ஊழியரோ வாசிக்கும்போது, திராட்சத்தோட்டத்தில் குடியிருப்பவர் யார்? விடுதலை வேண்டும் தைவானியரே அங்கு ஆகாபின் வாரிசாக நிற்கக்கூடும். ஒரே மனிதன் ஓர் உறவில் நாபோத்தாகவும் மற்றோர் உறவில் ஆகாபாகவும் இருக்க இயலும் என்பதை ஏற்காத விடுதலை இறையியல், வெற்றிபெற்ற மறுநாளே அரசவை இறையியலாக மாறிவிடும்.

இத்திருத்தத்தைக் கொணர்ந்தவர் பேராசிரியர் அல்லர், தொல்குடிக் கிறிஸ்தவரே. 1980களில் அவர்கள் தங்கள் நிலத்தையும் பெயரையும் திருப்பித் தருமாறு கேட்டுத் தெருவிற்கு வந்தனர். தொல்குடியினரைத் தலைவேட்டைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டிய ஊ பெங் என்பானின் கதை பள்ளிப் பாடநூல்களில் இருந்தது. 1988 டிசம்பர் 31ஆம் நாள் சியாயி நகரின் இருப்புப்பாதை நிலையத்தின் முன் நின்ற அவனது சிலை வீழ்த்தப்பட்டது. அதில் திருச்சபை ஊழியரும் பங்குகொண்டனர். 1982 முதல் அணுக்கழிவு கொட்டப்பட்ட லான்யூ தீவின் தாவ் மக்களும் எதிர்த்து எழுந்தனர். சனநாயகம் வந்த பின்பும் அக்கழிவு பல்லாண்டுகள் அகற்றப்படாமற் கிடந்தது. 1994இல் அரசியலமைப்பில் 'மலைவாழ் உடன்பிறப்புகள்' என்னும் சொல் நீங்கித் 'தொல்குடியினர்' என்னும் சொல் இடம்பெற்றது. 2016 ஆகஸ்டு முதல் நாள் குடியரசுத் தலைவர் சாய் இங்-வென் அரசின் சார்பில் அவர்களிடம் முறைப்படி மன்னிப்புக் கோரினார். மன்னிப்பின் பின்னும் நிலம் பற்றிய வழக்கு ஓய்ந்துவிடவில்லை.

5. 'புதிய' என்னும் சொல்

1977 பிரகடனம் தைவானுக்காகக் கேட்டது இரு பண்புகளை: புதுமையும் சுதந்தரமும். ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இரண்டாவதையே பற்றிக்கொண்டனர். சுதந்தரம் என்னும் சொல்லுக்காகச் சிறைகள் திறந்தன. அச்சொல்லுக்காகக் கொடிகள் உயர்ந்தன. 'புதிய' என்னும் சொல்லோ ஓர் அணிச்சொல்லாகவே கடந்து செல்லப்பட்டது. ஆனால் திருமறையின் நோக்கில் கனம் மிகுந்த சொல் அதுவே. ஆள்பவரை மாற்றுவது சுதந்தரம். ஆளும் முறையையும் அண்டை வீட்டாரோடு வாழும் முறையையும் மாற்றுவது புதுமை. பின்னது இன்றி முன்னது வந்தால், பார்வோனின் அரண்மனைக்குப் புதிய குடித்தனக்காரர் வந்ததோடு சரி.

1985இல் இத்திருச்சபை ஏற்றுக்கொண்ட விசுவாச அறிக்கை இத்திசையில் ஒரு முன்னேற்றம். திருச்சபை உலகளாவியதாயினும் இம்மண்ணில் வேரூன்றியது என்றும், இங்கு வாழும் அனைவரோடும் தன்னை ஒன்றுபடுத்திக்கொண்டு, அன்பினாலும் பாடுகளினாலும் நம்பிக்கையின் அடையாளமாக வேண்டும் என்றும் அது அறிக்கையிடுகிறது. 'அனைவரோடும்' என்பதன் பொருளை எண்ணுக. பெருநிலத்தினின்று படையாட்களாகக் கொணரப்பட்டு, உற்றாரை மீண்டும் காணாமலே முதுமையெய்திய எளிய போர்வீரரும் அதில் அடங்குவர். அவர்களைக் கொடுங்கோன்மையின் முகமாக மட்டுமே கண்ட காலம் இருந்தது. அவர்களும் அதே ஆட்சியின் பலிகளே. மண்ணை நேசிப்பதை, அம்மண்ணில் வாழும் விரும்பத்தகாத அண்டை வீட்டானையும் நேசிப்பதனின்று பிரிக்கலாகாது என்று விசுவாச அறிக்கையாக எழுதிவைத்தமையே இதன் பெருமை. மூன்று அறிக்கைகளின் இறையியலை இதன் ஒளியிலேயே வாசிக்க வேண்டும்.

மற்றொரு சோதனையும் வந்தது. 1988 முதல் 2000 வரை குடியரசுத் தலைவராக இருந்த லீ தெங்-ஹுய் ஒரு பிரெஸ்பிற்றேரியன் சபையாரே. 1947ஆம் ஆண்டின் படுகொலைக்காக 1995இல் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டவரும் அவரே. 2000இல் எதிர்க்கட்சி ஆட்சியேறியபின் காவோ சுன்-மிங் குடியரசுத் தலைவரின் மூத்த ஆலோசகரானார். ஒரு தலைமுறைக்குள் சிறைக்கூடத்தினின்று ஆலோசனைக்கூடத்திற்கு வந்த பயணம் இது. இதனைப் பழிப்பது எமது நோக்கமன்று. பாடுபட்டோர் நாட்டைக் கட்டவும் கடமைப்பட்டவரே. ஆயினும் பகைவனின் அரசைக் கண்டிக்கும் எலியாவைக் காட்டிலும், நண்பனின் அரசைக் கண்டிக்கும் நாத்தானின் பணி கடினமானது. எலியா ஆகாபுக்கு அஞ்ச வேண்டியிருந்தது. நாத்தானோ தாவீதை நேசித்தான்.

முடிவுரை

தைவான் திருச்சபையின் மூன்று அறிக்கைகளும் தேசியத்திற்கு அளிக்கப்பட்ட திருமுழுக்கு அல்ல என்பதே எமது முடிவு. அதற்கான காரணம் அவற்றின் சொற்களில் மட்டும் இல்லை. ஒரு தேசத்தின் பெருமையை அவை பாடவில்லை. வாக்குரிமையையும் வழிபாட்டு மொழியையும் கேட்டன. மற்றொரு மக்களை ஆளும் உரிமையைக் கேட்கவில்லை. பிறரால் ஏலம் விடப்படாதிருக்கும் உரிமையைக் கேட்டன. தேசியத்திற்கும் தன்னுரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கிறிஸ்தவர் ஏறத்தாழ இருபதில் ஒருவராகவே உள்ள நாட்டில், அவர்களுள்ளும் ஒரு பகுதியினரான இச்சபை தனக்கென்று சலுகை கேளாமல் அனைவருக்குமாகக் கேட்டது என்பது அதன் சாட்சிக்கு மேலும் வலுவூட்டுகிறது.

அவற்றின் குறை, உரிமை கேட்கும் மக்களைக் குற்றமற்ற ஒரே மக்களாகக் கொண்டமை. சோகி கோ தாமே இதற்கான அளவுகோலைத் தந்திருந்தார். பழம் பண்பாட்டில் நற்செய்தியை ஊன்றும் பழைய முறையோடு நில்லாமல், மாறிக்கொண்டிருக்கும் சமுதாயத்தில் நீதிக்கான போராட்டத்தோடு நற்செய்தி உறவாட வேண்டும் என்பதற்காகவே அவர் புதிய சொல்லைத் தேடினார். சூழல்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. எச்சூழலில் கடவுள் செயலாற்றுகிறார் என்பதைப் பகுத்தறிய வேண்டும் என்றார். அப்பகுத்தறிதல் சூழலை நியாயப்படுத்துவதன்று. சூழலைத் தீர்ப்பிற்கு உட்படுத்துவது. தம் மக்களின் சூழலையும் அவ்வாறே உட்படுத்தும்போதுதான் சூழமைவு இறையியல் இறையியலாகிறது. இன்றேல் அது சூழலின் எதிரொலி மட்டுமே.

'சூழமைவு' என்னும் சொல்லை இனி வகுப்பறையிலோ பிரசங்க மேடையிலோ பயன்படுத்தும்போது, அதனைத் தந்தவர் நாடிழந்து வாழ்ந்தவர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்டோரின் சார்பில் பேசும் எந்த அறிக்கையை எழுதினாலும், நாபோத்தின் அதிகாரத்தை அதனருகில் வைத்து இருமுறை வாசிப்பது நலம்: ஒரு முறை தோட்டத்தை இழந்தவனாக, மறுமுறை அதில் இப்போது குடியிருப்பவனாக. இரண்டாம் வாசிப்பிற்குத் தைவானின் அறிக்கைகள் தாமதமாகவே வந்தன. ஆனால் மலைமக்களின் குரலைக் கேட்டு வந்தன. அவ்வழியில் செல்லும் திருச்சபைக்கு ஆளுகிறவன் பகைவனாயினும் நண்பனாயினும் சொல்வதற்கு ஒரு வார்த்தை இருக்கும்.